டூ-வயர் ப்ராக்ஸியை பி.எல்.சி.யில் மாட்டும் முன்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

துவாக்குடி, அரியமங்கலம், திருவெறும்பூர் பக்கம் ஷெட் நடத்துபவர்களுக்கும் அங்கே மெயின்டனன்ஸ் பார்ப்பவர்களுக்கும் இந்தப் பட்டியல். திருச்சி பெல் ஆலை 1965-இல் உற்பத்தியைத் தொடங்கிய பிறகு, அதை நம்பி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் யூனிட்கள் இந்த வட்டாரம் முழுக்க இருக்கின்றன. ட்யூப் பெண்டிங் மெஷின், ட்ரில்லிங் மெஷின், பேனல் வெல்டிங் மெஷின் என்று பல இடங்களில் இன்னும் பழைய இரும்புதான் ஓடுகிறது. இரும்புக்கு ஒரு குறையும் இல்லை. அதனால் மெஷினை வைத்துக்கொண்டு, ரிலே பேனலை மட்டும் கழற்றிவிட்டு பி.எல்.சி. போடுகிறார்கள். லிமிட் ஸ்விட்ச் இருந்த இடத்துக்கு ப்ராக்ஸிமிட்டி சென்சார் வருகிறது. கன்ட்யூட்டுக்குள் ஏற்கெனவே கிடப்பது இரண்டு கோர் கேபிள் என்பதால் டூ-வயர் சென்சாராகவே கேட்டு வாங்குகிறார்கள்.

அந்தக் காரணம் நியாயமானது. ஆனால் "24 வோல்ட், எம்18, டூ-வயர்" என்று மட்டும் சொல்லி வாங்கிவிடுகிறார்கள். வினை அங்கேதான் தொடங்குகிறது.

லிமிட் ஸ்விட்ச் திறந்திருந்தால் கரன்ட் பூஜ்யம், மூடியிருந்தால் முழு வோல்டேஜும் அந்தப் பக்கம் போய்விடும். டூ-வயர் ப்ராக்ஸி அப்படி இல்லை. அதற்குள் ஒரு சர்க்யூட் இருக்கிறது. அந்த சர்க்யூட் உயிரோடு இருக்கத் தேவையான கரன்டை அதே இரண்டு வயரில்தான் எடுக்க வேண்டும். அதனால் ஆஃபில் இருக்கும்போதும் அதன் வழியாகக் கொஞ்சம் கரன்ட் கசியும். ஆனில் இருக்கும்போது சில வோல்ட்டைத் தனக்கென்று பிடித்துக்கொள்ளும். கசியும் கரன்ட் பி.எல்.சி. இன்புட்டை ஆனிலேயே நிறுத்தி வைக்கலாம். பிடித்துக்கொண்ட வோல்டேஜ் இன்புட்டை ஆன் ஆகவே விடாமல் தடுக்கலாம். இரண்டுக்கும் நடுவில் மாட்டினால் இன்னும் மோசம்: காலை ஷிஃப்டில் ஒழுங்காக ஓடும் மெஷின், மே மாத மதியத்தில் தகர ஷெட் கொதிக்கும்போது தகராறு செய்யும். செமிகண்டக்டரின் கசிவு சூட்டோடு ஏறும்.

ஒரு பெண்டிங் மெஷினில் இதே கோளாறு. கேரியேஜ் ஹோமில் இல்லாதபோதும் ஹோம் சிக்னல் போகவில்லை. சென்சாரை மாற்றினார்கள், பிறகு இன்னொன்று மாற்றினார்கள். கார்டு போய்விட்டது என்று பி.எல்.சி.யையே கழற்றி ரிப்பேருக்கு அனுப்பினார்கள். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று திரும்பி வந்தது. கடைசியில் சரிசெய்தது இரண்டு ரூபாய்கூடப் பெறாத ஒரு ரெசிஸ்டர். அதற்குள் நின்றுபோன ஷிஃப்ட்களின் கணக்கை ஓனரிடம்தான் கேட்க வேண்டும்.

இன்றைக்கே பேனலைத் திறந்து பாருங்கள்.

செய்ய வேண்டியவை

1. சென்சார் டேட்டாஷீட்டில் மூன்று எண்களை எடுத்து எழுதுங்கள்.
ஆஃப் நிலையில் லீக்கேஜ் கரன்ட் எவ்வளவு, ஆனில் நிலைத்து நிற்கக் குறைந்தபட்ச லோடு கரன்ட் எவ்வளவு, ஆனில் வோல்டேஜ் டிராப் எவ்வளவு. ஐ.இ.சி. 60947-5-2 தரப்படி டிசி டூ-வயர் சென்சாருக்கு இவை முறையே 1.5 மில்லி ஆம்ப், 5 மில்லி ஆம்ப், 8 வோல்ட் வரை போகலாம். "ஐ.இ.சி. தரம்" என்று பெட்டியில் போட்டிருப்பதாலேயே உங்கள் பி.எல்.சி.க்குப் பொருந்தும் என்று ஆகிவிடாது. அந்த உச்ச எண்களைத் தொடும் சென்சார் பல கார்டுகளில் வேலை செய்யாது. நல்ல மாடல்களில் லீக்கேஜ் 0.8 மில்லி ஆம்ப், லோடு 3 மில்லி ஆம்ப், டிராப் 3 முதல் 4 வோல்ட் என்று கிடைக்கும். அப்படிப்பட்டதைத் தேடி வாங்குங்கள்.

2. பி.எல்.சி. மேனுவலில் இன்புட் பக்கத்தைத் திறந்து, ஆன் எல்லையையும் ஆஃப் எல்லையையும் எழுதுங்கள்.
வோல்டேஜ், கரன்ட் இரண்டும் வேண்டும். சீமென்ஸ் எஸ்7-1200-இன் சி.பி.யு.விலேயே இருக்கும் இன்புட்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆன் என்று ஏற்க 15 வோல்ட், 2.5 மில்லி ஆம்பாவது வர வேண்டும். ஆஃப் என்று ஏற்க 5 வோல்ட், 1 மில்லி ஆம்புக்குள் அடங்க வேண்டும். சாதாரணமாக 24 வோல்ட்டில் அது இழுப்பது 4 மில்லி ஆம்ப். மிட்சுபிஷி எஃப்எக்ஸ்3யு வேறு கணக்கு: ஆஃபுக்கு 1.5 மில்லி ஆம்ப் வரை பொறுத்துக்கொள்ளும். ஆன் ஆக எக்ஸ்0 முதல் எக்ஸ்5 வரை 3.5, எக்ஸ்6-லும் எக்ஸ்7-லும் 4.5, எக்ஸ்10-க்கு மேல் 3.5 மில்லி ஆம்ப் வேண்டும்.

3. இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்று கேள்வி கேளுங்கள்.
சென்சார் லீக்கேஜ், பி.எல்.சி.யின் ஆஃப் கரன்டைவிடக் குறைவா? பி.எல்.சி. இழுக்கும் கரன்ட், சென்சார் கேட்கும் குறைந்தபட்ச லோடைவிட அதிகமா? 24-லிருந்து டிராப்பைக் கழித்தால், மிச்சம் ஆன் வோல்டேஜுக்கு மேலேயா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் மாட்டலாம். ஒன்றுக்கு இல்லை என்றாலும் வாங்காதீர்கள்; முதல் இரண்டு கேள்விக்கு மட்டும் கீழே உள்ள ரெசிஸ்டர் வழி உண்டு.

இரண்டாவது கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 5 மில்லி ஆம்ப் கேட்கும், 4 வோல்ட் டிராப் உள்ள ஒரு சென்சாரை எஃப்எக்ஸ்3யு-வின் எக்ஸ்6-இல் மாட்டுங்கள். அங்கே இன்புட் இம்பீடன்ஸ் 3.3 கிலோ ஓம். மிச்சமுள்ள 20 வோல்ட்டுக்குச் சுமார் 6 மில்லி ஆம்ப் ஓடும், சென்சார் திருப்தி. அதே சென்சாரை அதே பி.எல்.சி.யின் எக்ஸ்10-இல் மாட்டினால் இம்பீடன்ஸ் 4.3 கிலோ ஓம், கரன்ட் 4.7-ஐத் தாண்டாது. சென்சார் தடுமாறும். "அந்த இன்புட்ல ஓடுது, இந்த இன்புட்ல ஓடல, கார்டு கோளாறு" என்று சொல்வதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

4. இன்புட் கார்டு டைப் 1-ஆ, 2-ஆ, 3-ஆ என்று கேட்டு வாங்குங்கள்.
ஐ.இ.சி. 61131-2 இன்புட்களை இப்படிப் பிரிக்கிறது. டைப் 1, மெக்கானிக்கல் கான்டாக்டையும் த்ரீ-வயர் சென்சாரையும் மனதில் வைத்தது; அரை மில்லி ஆம்ப் கசிவுக்கு மேல் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று தரம் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. டைப் 2, டூ-வயர் சென்சாருக்காகவே வந்தது; 2 மில்லி ஆம்ப் வரை ஆஃப் என்றே எடுத்துக்கொள்ளும், ஆன் ஆக 6 மில்லி ஆம்ப் கேட்கும். டைப் 3 நடுவழி: கசிவு 1.5 வரை தாங்கும், ஆன் ஆக 11 வோல்ட்டும் 2 மில்லி ஆம்பும் போதும். லீக்கேஜ் குறைந்த இன்றைய டூ-வயர் சென்சாருக்கு டைப் 3 நன்றாகப் பொருந்தும். எஸ்7-1200 டைப் 1 என்றாலும் 1 மில்லி ஆம்ப் தாங்குவதைப் பார்த்தீர்கள். டைப்பைக் கேட்டுவிட்டு எண்ணையும் பாருங்கள்.

5. கார்டு சிங்க்கா, சோர்ஸா என்று பார்த்து பிரவுன், ப்ளூ வயர்களை முடியுங்கள்.
டூ-வயர் சென்சாரின் பெரிய நன்மையே இரண்டு வகைக் கார்டிலும் ஓடுவதுதான். பி.என்.பி. சென்சார் மாட்டும் கார்டில் (இங்கே சிங்க் கார்டு என்பது இதுதான்): பிரவுன் +24-க்கு, ப்ளூ இன்புட்டுக்கு, காமன் 0 வோல்ட்டுக்கு. என்.பி.என். சென்சார் மாட்டும் கார்டில் (சோர்ஸ் கார்டு): ப்ளூ 0 வோல்ட்டுக்கு, பிரவுன் இன்புட்டுக்கு, மிட்சுபிஷியில் எஸ்/எஸ் டெர்மினல் +24-க்கு. எந்த வகையானாலும் பிரவுன் எப்போதும் பிளஸ் பக்கம். போலாரிட்டி இல்லாத மாடல் என்று டேட்டாஷீட் சொன்னால் மட்டுமே மாற்றி மாட்டலாம்.

6. மாட்டிய பிறகு, இன்புட் டெர்மினலிலேயே இரண்டு வோல்டேஜை அளந்து எழுதி வையுங்கள்.
எல்லா வயரும் முடிந்திருக்க வேண்டும். இரும்பு எதிரில் இருக்கும்போது ஒன்று, விலகியபோது ஒன்று. சிங்க் கார்டில் இன்புட்டுக்கும் 0 வோல்ட்டுக்கும் நடுவில். சோர்ஸ் கார்டில் எஸ்/எஸ்-க்கும் இன்புட்டுக்கும் நடுவில். எஸ்7-1200 மேனுவல் 5-க்குக் கீழே, 15-க்கு மேலே என்று சொல்லும். நீங்கள் 3-க்குக் கீழே, 18-க்கு மேலே இருக்கும்படி பாருங்கள். 5-க்கும் 15-க்கும் நடுவில் எந்த எண் வந்தாலும் அந்த இன்புட்டை நம்ப முடியாது. இப்போது சரியாகக் காட்டினாலும் நாளைக்கு மாறும்.

7. கசிவு அதிகமென்றால் இன்புட்டுக்கு இணையாக ஒரு ப்ளீடர் ரெசிஸ்டர் போடுங்கள்.
கணக்கு இவ்வளவுதான். சென்சார் 1.5 மில்லி ஆம்ப் கசிகிறது; எஸ்7-1200 தாங்குவது 5 வோல்ட்டில் 1 மில்லி ஆம்ப். மிச்சம் அரை மில்லி ஆம்பை வேறு வழியில் இறக்க வேண்டும். 5 வோல்ட்டை 0.5 மில்லி ஆம்பால் வகுத்தால் 10 கிலோ ஓம். அது எல்லை. எல்லையில் நிற்காமல் 4.7 கிலோ ஓம் போடுங்கள். 5 வோல்ட்டில் ரெசிஸ்டர் மட்டுமே 1 மில்லி ஆம்புக்கு மேல் இழுத்துவிடும், பி.எல்.சி.க்குப் போவது அரை மில்லி ஆம்புக்கும் கீழ்.

வாட்டேஜையும் பார்த்துவிடுங்கள். முழு 24 வோல்ட் வந்தாலும் 4.7 கிலோ ஓமில் 0.12 வாட்தான். அரை வாட் ரெசிஸ்டர் போட்டால் தொட்டால்கூடச் சுடாது. கால் வாட் போட்டாலும் எரியாது. ஆனால் பேனல் சூட்டில் வருடக்கணக்கில் கிடக்கப்போகிற பொருளுக்கு அரை வாட்டே போடுங்கள்.

எங்கே மாட்டுவது? சிங்க் கார்டில் இன்புட்டுக்கும் 0 வோல்ட்டுக்கும் நடுவில். சோர்ஸ் கார்டில் இன்புட்டுக்கும் +24-க்கும் நடுவில். காலை வெட்டி, ஸ்லீவ் போட்டு, ஃபெருல் அடித்து டெர்மினலில் முடியுங்கள். முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த ஆள் குப்பை என்று பிடுங்கிவிடுவார். ட்ராயிங்கிலும் பேனாவால் வரைந்து வையுங்கள்.

இதே ரெசிஸ்டர் இன்னொரு நோய்க்கும் மருந்து. ஆனில் அது 20 வோல்ட்டில் 4.3 மில்லி ஆம்ப் கூடுதலாக இழுப்பதால், 5 மில்லி ஆம்ப் லோடு கேட்கும் சென்சாரும் சமாதானமாகிவிடும். வோல்டேஜ் டிராப்பை மட்டும் எந்த ரெசிஸ்டரும் குணமாக்காது. டிராப் அதிகமென்றால் சென்சாரையே மாற்ற வேண்டும்.

8. சந்தேகம் வந்தால் லீக்கேஜை நேரடியாக அளந்துவிடுங்கள்.
இன்புட் வயரைக் கழற்றி, மீட்டரை மில்லி ஆம்பில் வைத்து, வயருக்கும் டெர்மினலுக்கும் நடுவில் சீரிஸாகச் சேருங்கள். இரும்பை விலக்குங்கள். வரும் எண்தான் கசிவு. அளந்ததும் மீட்டர் ப்ரோபை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்தால் அடுத்த அளவில் மீட்டர் ஃபியூஸ் போகும்.

9. எதை உணர வேண்டும் என்று பார்த்துத் தூரத்தைக் கணக்கிடுங்கள்.
சாதாரண ஃப்ளஷ் எம்18-க்கு 5 மில்லி மீட்டர் என்பது மைல்ட் ஸ்டீல் சதுரத் தகட்டை வைத்துச் சொன்னது. நிச்சயமாக வேலை செய்யும் தூரம் அதில் 81 சதவீதம், அதாவது சுமார் 4 மில்லி மீட்டர். எதிரில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் சுமார் 0.7-ஆல் பெருக்குங்கள், அலுமினியம் என்றால் சுமார் 0.4, செம்பு என்றால் 0.3 பக்கம். அலுமினியத்தை 4 மில்லி மீட்டர் தள்ளி வைத்துவிட்டு பி.எல்.சி.யைத் திட்டுவதில் பயனில்லை. முடிந்தால் உணர வேண்டிய இடத்தில் ஒரு எம்.எஸ். ஃப்ளாட் துண்டை போல்ட் போட்டு வையுங்கள்.

10. வெல்டிங் பக்கத்தில் வெல்ட்-இம்யூன் சென்சார் கேட்டு வாங்குங்கள்.
திருச்சி, வெல்டிங் ஊர். பெல் வளாகத்தில் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் 1975-லிருந்து இயங்குகிறது. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஒரு ஆர்க் எரியாத ஷெட் இங்கே அபூர்வம். வெல்டிங் கரன்ட் உண்டாக்கும் காந்தப்புலம் சாதாரண ப்ராக்ஸியை ஏமாற்றிவிடும். ஸ்பாட்டர் முகத்தில் ஒட்டினால் அந்த இரும்புத் துளியையே டார்கெட் என்று எடுத்துக்கொள்ளும். டெஃப்லான் பூசிய முகம் உள்ளதை வாங்கி, வாரம் ஒரு முறை துடையுங்கள். பாய்லர் ட்யூபுக்கு ரூட் பாஸ் டிக்கில் போடும் இடமென்றால், ஹெச்.எஃப். ஸ்டார்ட் அடிக்கும் நொடியில் இன்புட் துடிக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். வெல்டிங் எர்த் கிளாம்ப்பை வேலைப்பொருளிலேயே, ஆர்க்குக்கு அருகில் போடுங்கள். மெஷின் பெட்டில் எங்காவது மாட்டினால் அந்தக் கரன்ட் பேரிங்கையும் சென்சார் பாடியையும் சுற்றிக்கொண்டு திரும்பும். சென்சார் கேபிளும் வெல்டிங் கேபிளும் ஒரே ட்ரேயில் படுக்கக் கூடாது. குறுக்கே கடக்க வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

11. ஓடும் சென்சாரின் முழு பார்ட் நம்பரையும் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள்.
கூடவே ஒரு ஸ்பேர். வீடு ஸ்ரீரங்கத்தில், வேலை துவாக்குடியில் என்று இருப்பவருக்கு ராத்திரி 11 மணிக்கு போன் வந்தால், காவிரிப் பாலம் தாண்டி வருவதற்குள் ஷிஃப்ட் ஆள் கையில் கிடைத்த ஏதோ ஒரு டூ-வயரை மாட்டியிருப்பார். மெஷின் ஓடும். மறுநாள் மதியம் நிற்கும். நேற்று மாற்றியது யாருக்கும் ஞாபகம் இருக்காது. கடைசி ஒரு எழுத்து மாறினாலே நார்மலி ஓப்பன் நார்மலி க்ளோஸ்டு ஆகிவிடும். எனவே முழு நம்பர்.

12. புது பேனல் என்றால் த்ரீ-வயர் போடுங்கள்.
என் கருத்து இதில் உறுதியானது. கேபிளைப் புதிதாக இழுக்கிறீர்கள் என்றால் மூன்றாவது கோருக்கு ஆகும் செலவு அற்பம். த்ரீ-வயர் சென்சார் தன் உயிருக்கான கரன்டைத் தனி வயரில் எடுத்துக்கொள்வதால் கசிவு கிட்டத்தட்ட இல்லை, டிராப்பும் குறைவு. டூ-வயர், பழைய கன்ட்யூட்டில் மூன்றாவது கோர் இழுக்க வழியே இல்லாத இடத்துக்கு.

செய்யக்கூடாதவை

1. லோடு இல்லாமல் 24 வோல்ட்டில் நேராகக் கொடுத்து டூ-வயரை டெஸ்ட் பண்ணாதீர்கள்.
கடை மேஜையிலேயே நடக்கிற கொலை இது. பிரவுனை பிளஸ்ஸில், ப்ளூவை மைனஸில் தொட்டு, ஸ்பேனரைக் காட்டி, "எல்.இ.டி. எரியுதா பாரு" என்பார்கள். ஆன் ஆன நொடியில் முழு சப்ளையும் சென்சாருக்குள் ஷார்ட். ஷார்ட்-சர்க்யூட் பாதுகாப்பு இல்லாத மாடல் அங்கேயே செத்துவிடும். சீரிஸில் ஒரு 24 வோல்ட் ரிலேயாவது, 2.2 கிலோ ஓம் அரை வாட் ரெசிஸ்டராவது இருக்கட்டும்.

2. திறந்த வயரில் மல்டிமீட்டர் காட்டுவதை நம்பாதீர்கள்.
இன்புட்டிலிருந்து வயரைக் கழற்றி 0 வோல்ட்டுக்கு அளந்தால், சென்சார் ஆஃபில் இருக்கும்போதும் மீட்டர் 24-ஐ ஒட்டிக் காட்டும். மீட்டரின் இம்பீடன்ஸ் மெகா ஓமில். கசிவே அதை நிரப்பிவிடும். "சென்சார் ஷார்ட் ஆயிடுச்சு" என்று நல்ல சென்சார்கள் குப்பைக்குப் போவது இப்படித்தான். எல்.இ.டி. இண்டிகேட்டர் விளக்கை லோடாக வைத்தாலும் இதே கதை: ஆஃபிலும் மங்கலாக எரியும்.

3. ப்ளீடர் ரெசிஸ்டரைச் சென்சாரின் இரண்டு வயருக்கும் குறுக்கே போடாதீர்கள்.
அடிக்கடி பார்க்கும் தப்பு. "பேரலல்" என்றதும் சென்சாருக்கு பேரலல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே போட்டால் கசிவுக்கு இன்னொரு வாய்க்கால் வெட்டியதாகும். இன்புட்டுக்குத்தான் பேரலல்.

4. இன்புட் ஃபில்டரைக் கூட்டியோ லேடரில் டைமர் போட்டோ சமாளிக்காதீர்கள்.
ஃபில்டர், துள்ளும் சிக்னலுக்கு. எஸ்7-1200-இல் அது 6.4 மில்லி செகண்டில் வைத்தே வருகிறது. லீக்கேஜ் துள்ளாது, விடாமல் அங்கேயே நிற்கும். ஒரு செகண்டு டைமர் போட்டாலும் ஒரு செகண்டு கழித்து அதே தப்பு நடக்கும்.

5. டூ-வயர் சென்சார்களை சீரிஸிலோ பேரலலிலோ அடுக்காதீர்கள்.
சீரிஸில் டிராப் கூடும்: ஆளுக்கு 4 வோல்ட் என்றால் இரண்டு சென்சாருக்குப் பிறகு மிச்சம் 16, மூன்றுக்குப் பிறகு 12, பி.எல்.சி. கேட்பது 15. பேரலலில் கசிவு கூடும்: 0.8 கசியும் நல்ல சென்சார் மூன்றைச் சேர்த்தால் 2.4 மில்லி ஆம்ப். தனித்தனி இன்புட்டில் கொடுத்து ஆண்ட் (AND), ஆர் (OR) எல்லாம் லேடரில் எழுதுங்கள். லிமிட் ஸ்விட்சோடு சீரிஸில் போடுவதும் வேண்டாம். ஸ்விட்ச் மூடிய பிறகுதான் சென்சாருக்கு சப்ளையே வரும். அது தயாராகத் தரப்படி 300 மில்லி செகண்டு வரை எடுத்துக்கொள்ளலாம். வேகமான ஸ்டேஷனில் அதற்குள் ஜாப் கடந்துவிடும்.

6. ஏசி டூ-வயரை டிசி கார்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.
பழைய மெஷின்களில் கண்ட்ரோல் வோல்டேஜ் பெரும்பாலும் 110 வோல்ட் ஏசி, சிலவற்றில் 230. பேனலை மட்டும் 24-க்கு மாற்றிவிட்டு, மெஷின் மேல் இருக்கும் ஏசி ப்ராக்ஸியை அப்படியே விட்டால் அது ஓடாது. அந்த ஏசி லைன் தவறி டிசி இன்புட்டில் தொட்டால் கார்டு காலி. ஏசி வகையில் கசிவு தரப்படியே 3 மில்லி ஆம்ப் வரை போகலாம். ஏசி இன்புட்டில் ப்ளீடர் போடுவதும் லேசில்லை: 230 வோல்ட்டில் 10 கிலோ ஓம் 5 வாட்டுக்கு மேல் சூடாகும், குறைந்தது 10 வாட் வயர்-வவுண்ட் வேண்டும், அதுவும் கேபிள்களிலிருந்து விலகி.

7. நாமூர் சென்சாரை 24 வோல்ட் இன்புட்டில் நேராக மாட்டாதீர்கள்.
அதற்கும் இரண்டே வயர், உருவமும் அதே. ஆனால் அது 8.2 வோல்ட்டில் ஓடுவது. கசிவைக் குறையாக அல்ல, சிக்னலாகவே பயன்படுத்துவது: 1.2 மில்லி ஆம்புக்குக் கீழ் ஒரு நிலை, 2.1-க்கு மேல் மறு நிலை. தீப்பிடிக்கும் ஆவி உள்ள இடங்களுக்காக வந்தது. நடுவில் அதற்கான ஐசொலேட்டிங் ஆம்ப்ளிஃபயர் கட்டாயம். பழைய ஸ்டோரில் லேபிள் தேய்ந்த டூ-வயர் கிடந்தால், எது என்று தெரியும்வரை தொடாதீர்கள்.

8. "ஸ்லிம் ரிலே போட்டால் தீர்ந்தது" என்று எண்ணாதீர்கள்.
6 மில்லி மீட்டர் ரிலேயின் 24 வோல்ட் காயில் 7 மில்லி ஆம்ப்தான் எடுக்கும். ரெசிஸ்டன்ஸ் சுமார் 3.4 கிலோ ஓம். அதில் 1.5 மில்லி ஆம்ப் கசிந்தால் காயிலில் 5 வோல்ட் நிற்கும். இந்த ரிலேக்கள் விடுவதோ ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு இறங்கினால்தான். ஒட்டிக்கொண்டே இருக்கும். கனமான காயில் உள்ள சாதாரண ரிலே விட்டுவிடும். ஆனால் பல்ஸ் எண்ணும் இடத்தில் அதன் வேகம் போதாது.

9. கேபிள் நீளத்தின் மேல் பழி போடாதீர்கள்.
0.5 சதுர மில்லி மீட்டர் செம்புக் கேபிள் 100 மீட்டர் போய்த் திரும்பினாலும் 8 ஓம்கூட வராது. 7 மில்லி ஆம்பில் அது தின்பது ஒரு வோல்ட்டில் இருபதில் ஒரு பங்குதான். டிசியில் தடிமனான கேபிள் இழுத்துப் பணத்தை வீணாக்காதீர்கள். ஏசி சென்சாரில் மட்டும் நீளம் உண்மையிலேயே கெடுதல்: பக்கத்து ஏசி வயரிலிருந்து கெப்பாசிட்டன்ஸ் வழியாக வரும் கரன்ட் கசிவோடு சேரும்.

10. சிலிண்டர் ஸ்விட்ச்சை மறந்துவிடாதீர்கள்.
நியூமேட்டிக் சிலிண்டர் மேல் மாட்டும் டூ-வயர் ஸ்விட்ச்சும் இந்தக் குடும்பம்தான். ரீட் வகையில் கசிவு இல்லை, எல்.இ.டி. இருந்தால் டிராப் உண்டு. சாலிட்-ஸ்டேட் வகையில் இரண்டும் உண்டு. ரீடைக் கழற்றி சாலிட்-ஸ்டேட் போட்ட அன்றே க்ளாம்ப் சிக்னல் குழம்புகிறது என்றால் காரணம் இதுதான்.

11. டேபிளில் பிட்டை ஃபோர்ஸ் பண்ணிவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள்.
"காலையில பாத்துக்கலாம்" என்று ஹோம் சிக்னலை ஃபோர்ஸ் செய்து ஓட்டினால், ராத்திரி ஷிஃப்டில் கேரியேஜ் எங்கே இருக்கிறது என்று பி.எல்.சி.க்குத் தெரியாது. மெஷின் நிற்கட்டும். ஆர்டர் ஒரு நாள் தள்ளிப்போவதைச் சொல்லிச் சமாளிக்கலாம்.

12. ஸ்ரீரங்கம் ஃப்ளாட்டில் லிஃப்ட் சரியான மட்டத்தில் நிற்கவில்லை என்று ஷாஃப்டுக்குள் நீங்களே கை வைக்காதீர்கள்.
பகலில் பி.எல்.சி. பார்ப்பவர் என்பதாலேயே அசோசியேஷன்காரர்கள் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். "நம்ம தம்பி பாத்துடுவாரு" என்பார்கள். லிஃப்டுக்குத் தமிழ்நாட்டில் 1997-லிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. மெயின்டனன்ஸ் ஒப்பந்தக்காரரை வரச் சொல்லுங்கள். வந்தவர் கையில் வேறு மேக் சென்சார் இருந்தால், மேலே சொன்ன மூன்று கேள்வியை நிதானமாகக் கேளுங்கள். அது போதும்.

13. பாதுகாப்புத் தடுப்புக்கு இந்தச் சென்சாரையும் சாதாரண இன்புட்டையும் நம்பாதீர்கள்.
பெண்டிங் மெஷின் கதவு, பிரஸ் தடுப்பு, ரோலர் முன் கம்பி வேலி: இந்த இடங்களில் சாதாரண டூ-வயர் ப்ராக்ஸியைப் போட்டு, "கதவு மூடியிருக்கு" என்று பி.எல்.சி.யைச் சொல்ல வைக்கிறார்கள். மேலே முழுக்கப் பார்த்தது நினைவிருக்கட்டும்: கசிவு ஏறினால் ஆஃப் ஆக வேண்டியது ஆனிலேயே நிற்கும். அதாவது கதவு திறந்திருக்கும்போது மூடியிருப்பதாகச் சொல்லும். உள்ளே ஒருவர் ட்யூபைத் திருப்பிக்கொண்டிருப்பார். அந்த இடத்துக்கு இரண்டு சேனல் உள்ள சேஃப்டி ஸ்விட்ச்சும் சேஃப்டி ரிலேயும் போட்டு, மோட்டார் கான்டாக்டரையே அது வெட்டும்படி வயர் செய்யுங்கள். உங்கள் ஷெட்டில் எந்தக் கதவிலாவது இப்போது ப்ராக்ஸி இருந்தால், சேஃப்டி ஸ்விட்ச் வந்து சேரும்வரை அந்த மெஷினை நிறுத்தி, ஐசொலேட்டரில் பூட்டுப் போடுங்கள்.